ஓய்வு நாள் இல்லாத தொழிலாளி

மரக்காணம் உப்பளத்தில் உழைத்து ஓய்ந்த பெரியவர்களின் வாழ்க்கை

சென்னையில் இருந்து புதுச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் போகிறவர்கள் மரக்காணத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். சென்னைக்குத் தெற்கே சுமார் 120 கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கிறது இந்த ஊர். விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்தது.

கோடை காலத்தில் பஸ் ஊரை நெருங்கும்போது, ஜன்னல் ஓரத்தில் இருக்கும் குழந்தைகள் எட்டி எட்டிப் பார்ப்பார்கள். வெள்ளை வெளேர் என்று சின்னச் சின்ன மலைகள் தெரியும். அவை மலைகள் அல்ல. உப்புக் குவியல்கள். ஒரு நிமிடத்தில் பஸ் போய்விடும். குழந்தைகள் வேறு எதையாவது பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

அந்த உப்பைக் குவித்தவர்கள் யார்? அவர்களுக்கு வயதான பிறகு என்ன ஆகிறது?

மரக்காணத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில், திண்ணையிலும் மரத்து நிழலிலும் வயதான ஆண்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். நாற்பது, ஐம்பது ஆண்டுகள் உப்பளத்தில் உழைத்தவர்கள். ஒருவர் கதையைக் கேட்டால் போதும், மற்றவர் கதையும் ஏறக்குறைய அதேதான். தெரு மாறும். பெயர் மாறும். பட்ட பாடு மாறாது. ஆகவே இங்கே பெயர் வேண்டாம். 'பெரியவர்' என்றாலே போதும்.

தாத்தா காலத்துத் தொழில்

பெரியவருடைய அப்பாவும் உப்பளத்துக்காரர்தான். தாத்தாவும் அப்படியே. அதற்கு முன்னால் எத்தனை தலைமுறை என்று யாரும் எண்ணி வைக்கவில்லை.

மரக்காணம் மிகப் பழைய ஊர். சங்க நூல்களில் வரும் எயிற்பட்டினம் இதுதான் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். அந்தக் காலத்தில் உப்பு வண்டிகளை ஓட்டிக்கொண்டு உள்நாட்டுக்குப் போனவர்களுக்கு 'உமணர்' என்று பெயர். உப்பைக் கொடுத்து நெல்லை வாங்கி வருவார்கள். ஊரில் உள்ள பூமீஸ்வரர் கோவிலின் சோழர் காலக் கல்வெட்டுகளிலும் உப்பளம் பற்றிய செய்தி உண்டு.

வெள்ளைக்காரன் காலத்தில் நிலைமை மாறியது. 1805-ம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்து உப்பு வியாபாரத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. உப்புக்கு வரி வந்தது. விளைவித்தவனே தன் வீட்டுக்கு ஒரு கை அள்ளினால் குற்றம்! 1930-ல் காந்தியடிகள் தண்டியில் உப்பு எடுத்ததும், அதே ஆண்டில் ராஜாஜி திருச்சியில் இருந்து வேதாரண்யத்துக்கு நடந்து போய் உப்பு எடுத்ததும் இந்த அநியாயத்தை எதிர்த்துத்தான். 1947-ல் உப்பு வரி ஒழிந்தது.

மரக்காணத்து உப்பு ஒரு காலத்தில் படகில் சென்னைக்குப் போயிற்று. பக்கிங்காம் கால்வாய் வந்து முடிகிற இடம் மரக்காணம். காற்று இருந்தால் பாய் விரிப்பார்கள். இல்லாவிட்டால் ஆட்கள் கரையில் நடந்து, கயிறு கட்டிப் படகை இழுப்பார்கள். 1960-களில் வந்த புயல்களில் கால்வாய் சேதம் அடைந்தது. பிறகு லாரிகள் வந்துவிட்டன. படகு இழுத்த கதைகள் மட்டும் பெரியவர்கள் வாயில் இருக்கின்றன.

கடல் நீர் உப்பு ஆவது எப்படி?

கடல் நீரைப் பாத்தியில் கட்டினால் தானாக உப்பு ஆகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஆனால் பெரியவருக்கு இவ்வளவு வேலை இருந்திருக்காது.

மழைக்காலம் முடிந்ததும் பாத்திகள் எல்லாம் சேறாகக் கிடக்கும். முதலில் அந்த நீரை வடிக்க வேண்டும். சேற்றை அள்ள வேண்டும். பிறகு பாத்தியின் தரையைக் காலால் மிதிக்க வேண்டும். ஒரு நாள் அல்ல, இரண்டு நாள் அல்ல. பல நாட்கள் மிதிக்க வேண்டும். களிமண் தரை சிமெண்டு போல இறுக வேண்டும். இறுகாவிட்டால் உப்பில் மண் கலந்துவிடும். விலை போகாது. ஆண்களும் பெண்களும் வரிசையாக நின்று மிதிப்பார்கள்.

பிறகு நீர் பாய்ச்சுவது. கழிமுகத்து நீர் வாய்க்கால் வழியாகப் பெரிய தேக்கத்துக்கு வரும். அந்தக் காலத்தில் ஏற்றம் இறைத்தார்கள். பிறகு எஞ்சின் வந்தது. தேக்கத்தில் இருந்து ஒரு பாத்தி, அதில் இருந்து இன்னொரு பாத்தி என்று நீரை மாற்றிக்கொண்டே போவார்கள். வெயிலும் காற்றும் நீரைக் குடிக்கும். மிச்சம் இருக்கும் நீர் கனத்துக்கொண்டே வரும்.

இதற்குக் கணக்கு உண்டு. ஒரு லிட்டர் கடல் நீரில் எல்லா உப்புகளும் சேர்ந்து சுமார் 35 கிராம்தான். அதில் சாப்பாட்டு உப்பு சுமார் 27 கிராம். ஒரு கிலோ உப்பு வேண்டும் என்றால் கிட்டத்தட்ட 40 லிட்டர் கடல் நீர் வற்ற வேண்டும்! பத்துப் பங்கு நீர் ஒரு பங்காகச் சுண்டிய பிறகுதான் உப்பு பூக்கத் தொடங்கும்.

நீரின் கனத்தை 'டிகிரி' என்று சொல்வார்கள். அதை அளக்க ஒரு கண்ணாடிக் கருவி இருக்கிறது. நீரில் போட்டால் மிதக்கும். கடல் நீர் 3 டிகிரி. 25 டிகிரி அளவுக்கு வந்தால் உப்பு விழும். அதற்கு முன்பே விடக்கூடாது, சுண்ணாம்புச் சத்து சேர்ந்துவிடும். 30 டிகிரியைத் தாண்டவும் விடக்கூடாது, கசப்பு ஏறிவிடும். மிஞ்சிய கசப்பு நீரைத் திறந்து வெளியே விட்டுவிட வேண்டும். சமையலில் பதம் தவறினால் ஒரு வேளைச் சாப்பாடு கெடும். இங்கே பதம் தவறினால் பத்து நாள் உழைப்பு கெடும்.

நீரின் மேல் ஆடை போல மெல்லிசாகப் பூ கட்டும். பிறகு அடியில் மணி மணியாக உப்பு உட்காரும். நீண்ட கழியில் பலகை பொருத்தி, அதனால் உப்பை வாரி வரப்போரம் குவிப்பது ஆண்கள் வேலை. நீர் வடிந்ததும் அதைக் கூடையில் அள்ளி, தலையில் சும்மாடு வைத்துச் சுமந்து, மேட்டில் கொண்டு போய்க் கொட்டுவது பெண்கள் வேலை. ஈர உப்பு மிகவும் கனம். வரப்போ ஓர் அடி அகலம்தான் இருக்கும். வழுக்கும்.

விடியும் முன்னே வேலை

பெரியவர் பள்ளிக்கூடம் போனது கொஞ்ச காலம்தான். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் அப்பாவுக்கு உதவியாகப் பாத்தியில் இறங்கியவர்கள் அந்தத் தலைமுறையில் ஏராளம்.

வெயில் ஏறிவிட்டால் உப்பளத்தில் நிற்க முடியாது. ஆகவே விடிவதற்கு முன்பே புறப்பட வேண்டும். தூக்குச் சட்டியில் பழைய சோறு. கடித்துக்கொள்ள கருவாடோ பச்சை மிளகாயோ. உப்பளத்தில் மரம் கிடையாது, நிழல் கிடையாது. குடிக்கிற தண்ணீரும் வீட்டில் இருந்து வர வேண்டும். சுற்றிலும் தண்ணீர்தான். ஆனால் ஒரு வாய் குடிக்க முடியாது!

பெரியவருக்குக் கல்யாணம் ஆனதும் மனைவியும் அதே வேலைக்கு வந்தார். அவர் வாருவார், மனைவி சுமப்பார். இருவரும் ஒரே வெயிலில்தான் நின்றார்கள். ஆனால் கூலி ஒன்று அல்ல. பெண்ணுக்குக் குறைவு. சுமக்கிற கூடை லேசாகவா இருந்தது? இந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொன்னது இல்லை.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் ஆண்கள் கொஞ்சம் சாயலாம். அந்த அம்மாளுக்கு அடுப்பு காத்திருக்கும். கைகால்களில் உள்ள வெடிப்புகளில் உப்பு ஏறி எரியும். நல்ல தண்ணீரில் கழுவிவிட்டு எண்ணெய் தடவிக்கொண்டு சமைப்பார்.

மழை வந்தால் பட்டினி

விவசாயி மழையை எதிர்பார்த்து வானத்தைப் பார்ப்பான். உப்பளத்துக்காரன் மழை வரக்கூடாது என்று வானத்தைப் பார்ப்பான். பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள்தான். ஒருவர் வேண்டுதல் பலித்தால் மற்றவருக்கு நஷ்டம்.

தை, மாசியில் வேலை தொடங்கும். புரட்டாசி வரை ஓடும். ஐப்பசியில் மழை பிடித்தால் மூன்று, நான்கு மாதம் வேலை இல்லை. அந்த மாதங்களில்தான் தீபாவளி வருகிறது. கோடையில் வாங்கிய கூலியில் மிச்சம் பிடித்து மழைக்காலத்தைத் தள்ள வேண்டும். மிச்சம் ஏது? கடைசியில் முன்பணம் வாங்குவார்கள். அடுத்த ஆண்டு உழைப்பை இந்த ஆண்டே அடகு வைப்பது போலத்தான். தை மாதம் பாத்தியில் இறங்கும்போதே கடனோடு இறங்கியவர்கள் பலர்.

சில ஆண்டுகளில் மழையோடு புயலும் வரும். 2011 டிசம்பரில் 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே அடித்தது. 2020 நவம்பரில் 'நிவர்' புயல் மரக்காணம் அருகிலேயே கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30-ந் தேதி 'பெஞ்சல்' புயல் புதுச்சேரி அருகே கரை ஏறி, நகராமல் நின்று கொட்டித் தீர்த்தது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டி மீட்டர் மழை! மரக்காணம் உப்பளம் முழுவதும் ஏரி ஆகிவிட்டது. எது பாத்தி, எது வரப்பு என்றே தெரியவில்லை. மூடி வைத்த உப்புக் குவியல் இப்படிப்பட்ட வெள்ளத்தில் கரைந்தால், வந்த இடத்துக்கே திரும்பிப் போகும்.

இத்தனைக்கு இடையிலும் பெரியவர்கள் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். இதுதான் அவர்கள் செய்த பெரிய காரியம். காமராஜர் ஆட்சியில் 1956-ல் தொடங்கிய பகல் உணவும், எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1982-ல் வந்த சத்துணவும் இந்தக் குடும்பங்களுக்குக் கை கொடுத்தன. மத்தியானச் சோறு பள்ளிக்கூடத்தில் கிடைத்தால் பிள்ளையைக் கூலிக்குக் கூட்டிப்போக வேண்டியது இல்லை. இப்படிப் படித்த பிள்ளைகள் சென்னைப் பக்கம் தொழிற்சாலைகளுக்கும் கம்பெனிகளுக்கும் வேலைக்குப் போனார்கள். மகன் உப்பளத்துக்கு வரக்கூடாது என்பதற்காகவே அப்பா இன்னும் பத்து ஆண்டு அதிகமாக உப்பளத்தில் நின்றார்.

உடம்பில் எழுதிய கணக்கு

பெரியவருடைய காலைப் பார்த்தாலே தொழில் தெரியும். பாதம் தடித்து, வெடித்து, மரக்கட்டை போல இருக்கும். உப்பு நீரில் நாள் முழுவதும் ஊறிய கால். சின்னக் காயம் பட்டால்கூட எளிதில் ஆறாது. குஜராத்தில் கட்ச் பாலைவனத்தில் வேலை செய்யும் உப்புத் தொழிலாளர்களைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. அவர்கள் இறந்து எரித்தாலும் பாதம் மட்டும் வேகாது என்பார்கள். கேட்பதற்கே நெஞ்சு நடுங்குகிறது.

அடுத்தது கண். கோடை வெயில் வெள்ளை உப்பில் பட்டுத் திரும்பும். கண்ணாடியில் வெயில் அடித்தது போலக் கூசும். ஒரு நாள் பார்க்கிறவருக்கே தலை வலிக்கும். நாற்பது ஆண்டு பார்த்தவருக்கு? கறுப்புக் கண்ணாடியும் முழங்கால் வரை ரப்பர் செருப்பும் போட்டால் பாதி துன்பம் குறையும் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். ஆனால் இந்தத் தலைமுறைப் பெரியவர்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடும் வெறுங்கண்ணோடும் உழைத்தவர்கள்.

இரும்பு ஆலையும் உப்பளமும்

இங்கே வேறு ஒரு தொழிலையும் பார்க்க வேண்டும்.

ஜாம்ஷெட்பூரில் டாடா எஃகு ஆலை இருக்கிறது. அங்கும் அனல்தான். உலைக்கு முன்னால் நிற்பது லேசான காரியம் அல்ல. ஆனால் அந்த ஆலையில் 1912-லேயே எட்டு மணி நேர வேலை வந்துவிட்டது. 1920-ல் சம்பளத்தோடு லீவும், சேமநல நிதியும் வந்தன. 1937-ல் ஓய்வு பெறும்போது பணிக்கொடை கொடுக்கத் தொடங்கினார்கள். பிறகு நாடு முழுவதற்கும் சட்டங்கள் வந்தன. 1952-ல் சேமநல நிதிச் சட்டம். 1972-ல் பணிக்கொடைச் சட்டம்.

எஃகுத் தொழிலாளிக்கு ஓய்வு நாள் என்று ஒரு நாள் உண்டு. அன்று மாலை போடுவார்கள். கூட வேலை செய்தவர்கள் நாலு வார்த்தை பேசுவார்கள். எந்தத் தேதியில் சேர்ந்தார், எத்தனை ஆண்டு உழைத்தார் என்று ஏட்டில் இருக்கும். கையில் ஒரு தொகை வரும். அதில் மகளுக்குக் கல்யாணம் செய்வார், வீட்டுக்கு ஓடு மாற்றுவார். பேரன் கேட்டால் எடுத்துக் காட்ட ஒரு போட்டோவாவது இருக்கும்.

உப்பளத்துப் பெரியவருக்கு ஓய்வு நாள் கிடையாது. இன்று முடியவில்லை என்று ஒரு நாள் போகாமல் இருந்தார். மறுநாளும் போகவில்லை. அவ்வளவுதான், ஓய்வு! சேர்ந்த தேதியும் எந்த ஏட்டிலும் இல்லை, நின்ற தேதியும் இல்லை. சட்டம் எல்லாருக்கும் பொதுதான். ஆனால் சிறு சிறு குத்தகைகளில், ஆண்டுக்கு எட்டு, ஒன்பது மாதம், இன்று இவரிடம் நாளை அவரிடம் என்று கூலிக்குப் போனவர்களில் பலருக்குச் சேமநல நிதியும் வரவில்லை, பணிக்கொடையும் வரவில்லை. வேலை செய்ததற்குச் சாட்சி வெடித்த பாதம்தான்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று ஒரு பழமொழி உண்டு. சோறு போட்டவரை மறக்காதே என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். உப்பையே விளைவித்தவரைப் பற்றிப் பழமொழி எதுவும் சொல்லவில்லை.

கிடைப்பது என்ன?

ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. தமிழ்நாட்டில் 1962-ல் முதியோர் ஓய்வூதியத் திட்டம் வந்தது. ஆதரவற்ற முதியோருக்கு மாதந்தோறும் அரசு பணம் கொடுக்கிறது. மாதம் 1,000 ரூபாயாக இருந்த தொகை 2023-ல் 1,200 ரூபாய் ஆக்கப்பட்டது. அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியத்தில் பெயரைப் பதிவு செய்துகொண்டவர்களுக்கு 60 வயதுக்கு மேல் ஓய்வூதியம் கேட்க வழி உண்டு. மழைக்காலத்தில் வேலை இல்லாமல் இருக்கும் உப்பளத் தொழிலாளர்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2022-ல் தொடங்கியது. மழை மாதங்களுக்கும் ஓர் உதவி உண்டு என்று ஆனது அப்போதுதான்.

ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரு காகிதம் வேண்டும். பதிவு வேண்டும், புதுப்பிக்க வேண்டும். ஒரு அட்டையில் ஒரு வயது, இன்னொரு அட்டையில் வேறு வயது என்று இருந்தால் மனு நின்றுவிடும். இந்தப் பெரியவர்கள் பிறந்தபோது பிறந்த தேதியை எழுதி வைத்தவர் யார்? வெள்ளம் வந்த வருஷம் பிறந்தேன் என்பார் ஒருவர். அந்த வெள்ளம் எது என்று ஆபீசில் கேட்பார்கள்.

படித்த பிள்ளை வீட்டில் இருந்தால் இந்தச் சிக்கல் தீர்கிறது. நல வாரிய அட்டையை எடுத்துப் பார்த்து, தேதி முடியுமுன் புதுப்பித்து, அப்பாவைத் தாலுகா ஆபீசுக்கு அழைத்துப் போகிறார்கள். ஒரு காலத்தில் கூலியை மிச்சம் பிடித்து வாங்கிக் கொடுத்த சிலேட்டும் பலகையும் இப்படித் திரும்பி வருகின்றன. இப்போது உப்பளத்தில் நிற்கிற ஆண்களும் பெண்களும் இதை அறுபது வயதுக்குத் தள்ளிப் போடக் கூடாது. உடம்பில் தெம்பு இருக்கும்போதே பதிவு செய்துகொள்ள வேண்டும்.

தை மாதம்

உப்பளத்தை விட்டுவிட்டாலும் பெரியவர்களுக்கு அந்த நினைப்பு போவது இல்லை. மரக்காணத்துக்குத் தெற்கே கழுவெளி ஏரி இருக்கிறது. உப்பு நீரும் நல்ல நீரும் கலக்கும் பெரிய ஏரி. 2021-ல் அரசு அதைப் பறவைகள் சரணாலயம் ஆக்கியது. மழைக்காலத்தில் அங்கே தூர தேசத்துப் பறவைகள் வந்து இறங்கும். பட்டணத்துக்காரர்கள் காமிராவோடு வருவார்கள். பெரியவர்களுக்கு அந்தப் பறவைகள் புதிது அல்ல. அவை எப்போது வரும், எப்போது போகும் என்று காலண்டர் பார்க்காமலே சொல்வார்கள்.

தை பிறந்து பாத்தி மிதிக்கத் தொடங்கினால், சில பெரியவர்கள் கோலை ஊன்றிக்கொண்டு மெல்ல வரப்புப் பக்கம் போவார்கள். யாரும் கூப்பிடுவது இல்லை. கூலியும் இல்லை. சின்னப் பையன்கள் கண்ணாடிக் கருவியை நீரில் போட்டு டிகிரி பார்த்துக்கொண்டிருப்பார்கள். பெரியவர் குனிந்து பாத்தி நீரில் விரலை விட்டுப் பார்ப்பார். நீரின் மேல் ஓடும் காற்றைப் பார்ப்பார். இன்னும் மூன்று நாள் போகட்டும் என்று சொல்லிவிட்டு, வந்த வழியே திரும்பி நடப்பார்.